சிப்பிகாட்டுக்கு அப்பால்: மூழ்கிய வயல்கள் மேல் ஒரு டுங்கிப் பயணம்

மார்ச் மாதத்தில் நான்கு நாள் விடுப்பு வாங்கியிருந்தேன், போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபாருக்குப் போவதற்காக. கணவர் அங்கே அரசு வேலையில் இருக்கிறார். பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. புறப்பட வேண்டியதற்கு முதல் நாள் மாலை கப்பல் ரத்து என்று செய்தி வந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, இங்கே யாரும் கேட்பதும் இல்லை. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் சுவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விடுப்பும் போகும், மனசும் கெட்டுப்போகும் என்று தோன்றியது. ஹாவ்லாக் போயிருக்கலாமே என்பீர்கள். நீலக் கடலுக்கு முன்னால் குதித்துக் குதித்துப் படம் எடுக்கும் தேனிலவு ஜோடிகளைப் பார்த்தால் எனக்குத் தலைவலி வரும். அதுவும் கணவரைப் பார்க்க முடியாமல் போன வாரத்தில், சொல்லவே வேண்டாம்.

ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒருவர்தான் இந்த வழியைச் சொன்னார். சிப்பிகாட்டைத் தாண்டி ஒரு சின்னத் துறை இருக்கிறது, அங்கே டுங்கி கிடைக்கும், அலையாத்திக் காட்டு ஓடை, மூடிப்போன பிளைவுட் மில், சுனாமியில் மூழ்கிய கிராமம் எல்லாம் ஒரே சுற்றில் பார்க்கலாம் என்றார். "ஆனா பாக்கறதுக்கு அழகா ஒண்ணும் இருக்காது" என்றும் சொன்னார். அதுதான் என்னைக் கிளப்பியது.

டெலானிபூரிலிருந்து ஆட்டோவில் 14 கிலோமீட்டர், 400 ரூபாய். பேரம் பேசினேன், பத்து ரூபாய்கூடக் குறையவில்லை. ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள் என்றாலும் ஆட்டோக்காரர் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். துறை என்பது மரியாதைக்குச் சொல்வது. சேற்றில் நான்கு தென்னந்துண்டுகளை நட்டு மேலே இரண்டு பலகை போட்டிருந்தார்கள். டுங்கி என்றால் இங்கே எல்லோரும் ஓட்டும் மரப்படகு. நீளம் அதிகம், அகலம் மிகக் குறைவு. நடுவில் உட்கார்ந்து கையை நீட்டினால் இரண்டு விளிம்பையும் தொடலாம். பின்னால் ஒரு டீசல் என்ஜின். மூன்றரை மணி நேரத்துக்கு 2,500 ரூபாய் பேசினோம். ஓட்டுபவர் கோபால், பெங்காலிக் குடியேறிகளின் பிள்ளை, ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் 'கோபால் தா' என்கிறார்கள்; தா, தாதா என்றால் அண்ணன். தமிழ் நன்றாகப் புரியும், பேசுவது மட்டும் இந்தி.

ஒன்றரை மணிக்குக் கிளம்பும்போது ஒரு கணவனும் மனைவியும் வந்து படகை ஒட்டி நின்றார்கள். கோபால் தா தலையைச் சொறிந்தார். "மேடம், யே லோக் பி சலேகா. தோடா ஆகே தக்." இவர்களும் கொஞ்ச தூரம் வருவார்கள் என்கிறார். எனக்கு எரிச்சல் வந்தது. முழுப் படகுக்கும் காசு கொடுப்பது நான், தனியாகப் போகலாம் என்றுதானே வந்தேன்? முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தம்மா சொன்னார்: "மேடம், வருஷா வருஷம் மாசி அமாவாசைக்கு இவர் படகுலதான் போவோம். இன்னைக்கு விட்டா எங்களுக்கு வேற நாள் கெடையாது. ஓரமா உக்காந்துக்கிடுதோம்."

திருநெல்வேலிப் பேச்சு. எங்கள் அம்மா ஊர்ப் பக்கம். உட்காருங்கள் என்றேன்.

அவர் பெயர் பேச்சியம்மாள். கணவர் மாடசாமி. டெய்ரி ஃபார்மில் வாடகை வீடு. மாடசாமி இப்போது கட்டட வேலைக்குப் போகிறார், முன்பு நாங்கள் பார்க்கப்போகும் அதே மில்லில் இருந்தவர். பேச்சியம்மாள் மடியில் ஒரு துணிப்பை. அதில் ஒரு பாட்டில் பால், ஒரு எவர்சில்வர் சம்படம், ஒரு கொட்டாங்கச்சி, காகிதத்தில் சுற்றிய குழந்தைச் சட்டை. நான் பையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

மூழ்கிய கிராமத்தில் அவர்கள் வீடு இருந்தது. சுனாமிக்கு முந்தின வருடம் அவர்களுடைய மூத்த பெண் குழந்தை, ஒன்பது மாதம், காய்ச்சலில் இறந்துபோனது. சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் புதைத்தார்கள். அடுத்த வருடம் பூகம்பத்தில் நிலம் இறங்கிக் கடல் உள்ளே வந்து அப்படியே தங்கிவிட்டது. இந்த வைகாசியில் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். வீட்டில் ஒரு கன்னிப் பிள்ளை இறந்திருந்தால், அடுத்தவளுக்குத் தாலி ஏறும் முன் அந்தப் பிள்ளைக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிட வேண்டும். இதுவரை தண்ணீரில் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். இனிமேல் அதுவும் முடியாது. நிலம் மாடசாமியின் அண்ணன் பெயரில் இருந்தது. அவர் விற்றுவிட்டார். வாங்கியவர் மழைக்கு முன்னால் மண்ணடித்து மேடாக்கி ரிசார்ட் கட்டப் போகிறார்.

"அதான் பிடிமண் எடுக்கப் போறேன். எங்க பாப்பாவ வச்ச எடத்துல ஒரு கைப்பிடி. வீட்டுல கொண்டு வச்சு கும்பிட்டுக்கிடுவேன்."

ஊரிலிருந்து குலசாமியைப் பிடிமண் எடுத்துக் கப்பலில் கொண்டுவந்து இந்தத் தீவில் வைத்தவர்கள் உண்டு. ஒரு குழந்தையை இங்கிருந்து இங்கேயே எடுத்துப் போவதை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

"எம்மண்ண நான் பாத்தவொடனே சொல்லிருவேன். அங்க உள்ளது பூராம் சாம்ப நெற வயக்காட்டு மண்ணு. எங்க வீட்டுக்கு மட்டும் இவுக மலையில வெட்டி செம்மண்ணு அடிச்சாக. இப்ப வாங்குனவனும் மலையத்தான் வெட்டிக் கொட்டப் போறான். பெறகு எது எம்மண்ணு, எது அவன் மண்ணுன்னு நான் எப்படிம்மா கண்டுபிடிப்பேன்?"

மாடசாமி தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்.

முதல் ஐந்து கிலோமீட்டர் ஓடை. இரண்டு பக்கமும் அலையாத்தி வேர்கள், நடுவில் டுங்கி போகும் அளவுக்குத்தான் வழி. படித்த கட்டுரைகளில் எல்லாம் இதை 'பச்சைக் குகை' என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்தது சேறு, வேர்களில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக், அழுகிய முட்டை வாடை. நடுவில் பெரிய பகுதி முழுக்க மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. நிலம் இறங்கியபோது உப்புத் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறி அலையாத்தியையே கொன்றுவிட்டது. கையைத் தண்ணீரில் விடாதீர்கள் என்று கோபால் தா இரண்டு தடவை சொன்னார். முதலை, இங்கே 'மகர்' என்பார்கள், கரையில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாதபோதுதான் பயம் என்றார்.

இரண்டு இருபதுக்கு மில். மரம் வெட்டக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தபோது மூடியது. கட்டைகளை மிதக்கவிட்டு வைத்திருந்த குளத்தின் தண்ணீர் இன்னும் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. தகரக் கூரை பாதி விழுந்துவிட்டது. பாய்லர் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது, அதற்குள் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. மில்லையே பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள் போல. நாங்கள் போனபோது கேஸ் கட்டரோடு ஆட்கள் புகைக்குழாயைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். மேல் பாதி போய்விட்டது, மீதி பாதி காட்டுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. படம் எடுக்க மொபைலைத் தூக்கினேன், வாட்ச்மேன் கத்தினார்.

மாடசாமி எழுந்து நின்றார். படகு ஆடியது. "பாக்கி கப் காட்டேகா?" என்று அந்த ஆட்களிடம் கேட்டார். மீதியை எப்போது அறுப்பீர்கள்?

"கல்" என்றான் ஒருவன். நாளைக்கு.

அவர் உட்காரவே இல்லை. குழாயையும் பின்னால் தெரிந்த மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். வேலை பார்த்த இடம், வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். நான் நினைத்தது தப்பு.

மில்லிலிருந்து நான்கு கிலோமீட்டர் போனால் மூழ்கிய கிராமம். மூன்று மணி தாண்டியிருந்தது, தண்ணீர் நன்றாக வற்றிக்கொண்டிருந்தது. கம்பி இல்லாத மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. அந்த வரிசைதான் பழைய ரோடு. கோபால் தா ரோட்டின் மேலேயே ஓட்டினார், ஏனென்றால் இரண்டு பக்கமும் தென்னை அடிமூடுகளும் வீட்டு அஸ்திவாரங்களும் என்ஜின் விசிறியை உடைத்துவிடும். ஒரு கிணற்றின் சிமென்ட் உறை தண்ணீருக்கு மேல் நின்றது, உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் கடல். மூன்று படிக்கட்டுகள் இருந்தன, வீடு இல்லை. பேச்சியம்மாள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். இது சுப்பையா அண்ணாச்சி வீடு, இது ராஞ்சிக்காரங்க வீடு, இது ரேஷன் கடை. ரோடு முடிந்ததும் படகு வலது பக்கம் திரும்பி ஒரு வாய்க்காலுக்குள் நுழைந்தது. வயலுக்கு வெட்டிய வாய்க்கால்தான், கடலோதம் போகவும் வரவும் அகலமாகி ஓடையாகிவிட்டது. டூரிஸ்ட் படகுகள் எல்லாம் இதன் வழியாகத்தான் திரும்புகின்றன.

வாய்க்காலை ஒட்டிய ஒரு சேற்றுத் திட்டில் மூங்கில் கழி ஒன்று நின்றது. அதில் சின்னச் சின்னச் சட்டைகள் கட்டியிருந்தன. அடியில் இருந்தவை வெளுத்து நூலாகிவிட்டன, மேலே இருந்தவற்றில் இன்னும் பூப் போட்ட டிசைன் தெரிந்தது. வருடத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே அளவு. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோபால் தா துடுப்பால் படகு விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார், முதலை கிட்டே வராமல் இருக்க. பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். பாலை ஊற்றினார். கும்பிட்டார். பிறகு கொட்டாங்கச்சியால் கழியின் அடியில் தோண்டத் தொடங்கினார். சாம்பல் நிறச் சேறு. அதன் கீழேயும் சாம்பல். முழங்கை வரை கையை விட்டு எடுத்துப் பார்த்தார். அப்போதும் சாம்பல்தான்.

"ஏங்க, செம்மண்ணக் காணலியே" என்றார். "எறங்கி வந்து ஒரு கை போடுங்க."

மாடசாமி இறங்கவில்லை. இரண்டு கையாலும் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க இல்ல பேச்சி."

"எங்க இல்ல?"

"பாப்பா அங்க இல்ல. அது கணேசன் வயலு." படகுக்கு அடியில் இருந்த தண்ணீரைக் காட்டினார். "வாய்க்கா அகலமாகி நம்ம கரை இடிஞ்சி உள்ள விழுந்துட்டு. மொத வருஷமே நான் வந்து பாத்தேன். எந்த அமாவாசைக்கும் இது வத்தாது, கழுத்து மட்டும் நிக்கும். நீ எறங்கி நின்னு பால் ஊத்த ஒரு எடம் வேணும்லா? இந்தத் திட்டுதான் வத்துச்சு. இங்க நட்டுட்டேன்."

பேச்சியம்மாள் சேற்றுக் கையோடு நின்றார்.

"அப்ப இத்தன வருஷம் யாருக்குப் பால் ஊத்துனேன்?"

எனக்கு அந்த ஆள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு தாயிடம் இதிலா பொய் சொல்வது, ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் அந்த அம்மாவைப் பார்த்தபோது, முதல் வருடம் இந்த வாய்க்காலைக் காட்டி 'இதுக்குள்ள இருக்கா' என்று அவரிடம் யாரால் சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றியது.

பேச்சியம்மாள் திரும்பிப் படகுக்கு வந்தார். கணவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் என் கையைப் பிடித்து ஏறினார்.

"எங்கன்னு காட்டுங்க" என்றார்.

அப்போதுதான் மாடசாமி ஏன் மில்லையே பார்த்துக்கொண்டு வந்தார் என்பது விளங்கியது. இடத்துக்கு அவர் வைத்திருந்த ஒரே அடையாளம் அதுதான். புகைக்குழாய், பின்னால் மலையில் மண் வெட்டிய இடத்துக்கு நேராக வர வேண்டும், இந்தப் பக்கம் கடைசி மின்கம்பம் கிணற்று உறையை மறைக்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் பாப்பா. நாளைக்குக் குழாய் இருக்காது. கோபால் தா என்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் நகர்த்தினார். மாடசாமி நின்றபடி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். பிறகு கை நின்றது.

பேச்சியம்மாள் சேலையை மறுபடி செருகினார். இறங்கப் போகிறார் என்று புரிந்ததும் கோபால் தா அவர் தோளைப் பிடித்துவிட்டார். "நஹீ தீதி. மகர் ஹை. மை உதர்னே நஹீ தேகா." இறங்க விடமாட்டேன் என்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் இந்த வாய்க்காலில் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனதாம். மாடசாமி நான் இறங்குகிறேன் என்று சட்டையைக் கழற்றினார், அவரையும் விடவில்லை. கொஞ்ச நேரம் மூன்று பேரும் இரண்டு மொழியில் கத்தினார்கள். மணி நான்கு. கம்பத்தின் அடியில் தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.

கடைசியில் கோபால் தா முன்பக்கம் போய் நங்கூரத்தை எடுத்தார். நான்கு கொக்கி உள்ள சின்ன இரும்பு. தெரியாத இடத்தில் படகு கட்டும் முன் நங்கூரத்தைப் போட்டுத் தூக்கி, கொக்கியில் ஒட்டியிருப்பது சேறா மணலா என்று பார்ப்பது இங்கே வழக்கம். அதையே செய்தார். போட்டார், கயிற்றைக் கொஞ்சம் இழுத்துக் கீழே பிராண்டவிட்டார், தூக்கினார். கறுப்புச் சேறு வந்தது. அதில் மரப்பட்டை, நார், மில்லின் எண்ணெய் வாடை. பேச்சியம்மாள் தடவிப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். கோபால் தா மறுபடி போட்டார். ஒரு சாக்குத் துண்டு வந்தது. மறுபடியும் கறுப்பு.

"பானி சட் ரஹா ஹை" என்றார். தண்ணீர் ஏறுகிறது. இன்னும் அரை மணியில் ஓதம் படகைத் தள்ளத் தொடங்கிவிடும், ஒரே இடத்தில் நிற்க முடியாது.

"கரைப் பக்கமா ஒரு ஆள் நீளம் தள்ளு தாதா" என்றார் மாடசாமி. "தென்ன மூட்டுக்கு உள்பக்கமாத்தான் வச்சோம்." குரல் உடைந்துவிட்டது. தாங்களே சேர்ந்து பள்ளம் தோண்டிய இடத்தை அவர் இப்போதுதான் மனைவி முன்னால் வாய்விட்டுச் சொல்கிறார் போலிருந்தது. பேச்சியம்மாள் அவரை ஒரு தடவை பார்த்தார். கோபால் தா படகைத் தள்ளி நங்கூரத்தைப் போட்டதும் அவரும் கயிற்றைப் பிடித்தார்.

கயிற்றை மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள், நானும் பிடித்தேன். நங்கூரம் எதிலோ மாட்டி, விட்டு, மேலே வந்தது. எல்லாக் கொக்கியிலும் கறுப்பு. ஒன்றின் மடிப்பில் மட்டும், கறுப்புக்கு உள்ளே, சுண்டைக்காய் அளவுக்குச் சிவப்பு.

பேச்சியம்மாள் அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இதான்" என்றார். சத்தம் போட்டு அழுதார், நான் பார்த்த வரையில் முதல் தடவையாக. மாடசாமி சம்படத்தைத் திறந்து நீட்டினார். கைப்பிடி மண் என்று சொல்லிக்கொண்டு வந்தவருக்குக் கிடைத்தது விரல் நுனி அளவுதான். பாட்டிலில் மீதி இருந்த பாலைப் படகின் பக்கவாட்டில் வாய்க்காலில் ஊற்றினார். அது வெள்ளையாகப் பரவுவதற்குள் ஓதம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

திரும்பித் துறையை அடையும்போது ஐந்தே கால். பேச்சியம்மாள் சம்படத்தை மார்போடு அணைத்தபடி முன்னால் இறங்கி நடந்தார். மாடசாமி பின்தங்கி, கோபால் தாவிடம் மெதுவாக, "நாளைக்கு அந்தப் பக்கம் போனா கழியப் புடுங்கிப் போட்டுரு தாதா. அவ கண்ணுல இனிமே படக் கூடாது" என்றார்.

அந்தம்மா காதில் விழுந்துவிட்டது. திரும்பி வந்தார். பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய சட்டையை எடுத்துக் கோபால் தா கையில் கொடுத்தார்.

"புடுங்க வேண்டாம். இதையும் அதுல கட்டிரு" என்றார். "இத்தன வருஷமும் அங்க நின்னுதான அழுதேன்."

மாடசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்குக் கை நீட்டினார். இந்த முறை பேச்சியம்மாள் அந்தக் கையை ஒதுக்காமல் பையைக் கொடுத்தார். இரண்டு பேரும் ரோட்டை நோக்கிப் போனார்கள். அவர்களை ஆட்டோவில் டெய்ரி ஃபார்ம் வரை கொண்டுவிடுகிறேன் என்றேன், பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்றார்கள்.

இது சந்தோஷமான பயணம் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். போவதாக இருந்தால் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாள்களில், மதியம் ஒன்றரைக்குக் கிளம்புங்கள். தண்ணீர் வற்றியிருந்தால்தான் எதுவும் தெரியும். மொத்தச் சுற்று 18 கிலோமீட்டர். நிழல் கிடையாது, தொப்பி வேண்டும். குடிதண்ணீர், பிஸ்கட் கையோடு கொண்டுபோங்கள், துறையில் கடை இல்லை. திரும்பும் ஆட்டோவை முன்பே பேசி வையுங்கள். மில்லில் இறங்க முடியாது, படமும் எடுக்க விடமாட்டார்கள், நீங்கள் போகும்போது படம் எடுக்க எதுவும் மிச்சம் இருக்காது. தண்ணீரில் கையையும் காலையும் விடாதீர்கள். மழைக்கு முன்னால் லாரிகள் வந்துவிடும் என்கிறார்கள், அதற்குப் பிறகு வாய்க்கால் வழி இருக்குமா என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோடு முடிந்து வாய்க்காலுக்குள் திரும்பியதும் சேற்றுத் திட்டில் அந்தக் கழி தெரியும். வெயிலுக்குச் சற்று நிறுத்தி டீ குடிக்க, படகைக் கட்ட, வசதியான இடமாகத் தோன்றும். அதில் கட்டாதீர்கள்.